உடைந்த முரசு

அத்தியாயம் 5

“குத்தவாளியே ஒத்துக்கிட்ட கேஸ்ல எனக்குச் சாப்பாடு எறங்காது, ஷால்வின்.”

இதைச் சொல்லிவிட்டு லீத்தியா மூன்றாவது மரவள்ளித் துண்டை எடுத்தார்.

“எறங்காதப்பவே மூணு. எறங்குச்சுன்னா சமையல் கூடாரத்தையே மூடிட்டுப் போகணும், பாஸ்.”

“வாய மூடிட்டு அந்த வீடியோவ மறுபடி போடு.”

போட்டேன். காலை ஒன்பது மணி. படப்பிடிப்புக் குழுவின் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வெளியே, பவளப்பாறை மேல் அலை உடைந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெரிய புத்தகத்தை அவசரமே இல்லாமல் புரட்டுவதுபோல. எதிரே தயாரிப்பாளர் டேமியன் ப்ரைஸ் உட்கார்ந்திருந்தார். சிட்னிக்காரர். ஆனால் எட்டு வருடமாக இந்தத் தீவுக்கு வந்து போகிறவர். எங்களூர் ஆண்களைப்போல இடுப்பில் சுலு என்ற வேட்டி கட்டியிருந்தார். பரிமாற வந்த பெண்ணிடம், அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று அவள் மொழியிலேயே கேட்டார். எனக்கு அந்த மொழி பேச இருபத்தேழு வருடமாகியும் நாக்கு தடுக்குகிறது.

‘கடைசித் தீவு’ போட்டியை ஆஸ்திரேலியாவில் ஞாயிறு இரவு பாதி வீடுகள் பார்க்கும். பதினாறு பேரைத் தீவில் விடுவார்கள். அவர்கள் பட்டினி கிடந்து, மூன்று நாளுக்கு ஒருவரைத் தாங்களே ஓட்டுப் போட்டு விரட்ட வேண்டும். இந்த வருடம் புது ஆள் யாருமில்லை. பழைய போட்டிகளில் தோற்றவர்கள், அழுதவர்கள், ஊரே திட்டியவர்கள், எல்லோரையும் பொறுக்கி மறுபடி கூட்டிவந்திருந்தார்கள். விளம்பரத்தில் ‘மறுவாய்ப்பு’ என்று போட்டிருந்தது.

மிச்சமிருந்தது நாலு பேர். புதன்கிழமை காலை அவர்களுடைய தண்ணீர்ப் பீப்பாய் காலியாகக் கிடந்தது. மதியம் ஒரு மணிக்கு அந்த நால்வரில் இளையவளான தாலியா மணலில் மயங்கி விழுந்தாள். ஹெலிகாப்டரில் நாந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய அப்பா வக்கீலைப் பிடித்துவிட்டார். காப்பீட்டுக் கம்பெனியோ, வெளியாள் ஒருவர் விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. அப்படித்தான் லவுத்தோக்காவில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போன் வந்தது. லீத்தியா நவுலு, இருபத்தாறு வருடம் போலீசில் இருந்தவர். நான் ஷால்வின் கவுண்டர். அவருடைய கைப்பையைத் தூக்குகிறவன்.

வீடியோ முப்பது விநாடி. முதலில் ஒரு பெண்ணின் முகம். கெரின் டாஸ், நாற்பத்து நாலு வயது, போர்ட் பிரி ஊர்க்காரர். முதல் போட்டியின் வில்லி. மரக்கட்டையில் உட்கார்ந்து கேமராவைப் பார்க்கிறார். “என்னைப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே” என்கிறார். பிறகு காலிப் பீப்பாய். தென்னை மரம். அதன்மேல் அவர் குரல்: “ஆமா, நான்தான் கொட்டினேன். யாரும் பாக்கல.” மறுபடி அவர் முகம். சிரிக்கிறார். முடிந்தது.

“முக்கியமான வரிக்கு வாயே இல்லையே?” என்றார் லீத்தியா.

டேமியன் புன்னகைத்தார். “எல்லா வீடியோவும் அப்படித்தான் வெட்டுவோம், லீத்தியா. ஒரே மூஞ்சிய அஞ்சு நிமிஷம் யாரு பாப்பா? குரல் அவங்களதுதான். எந்த நிபுணர்கிட்ட வேணும்னாலும் குடுங்க.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“கொட்டலைங்கிறாங்க. வேறென்ன சொல்வாங்க? நாலு மணிப் படகுக்குள்ள உங்க கையெழுத்து கெடச்சா, இன்னைக்கே அவங்கள வெளியேத்திடலாம். பாவம், ரெண்டாவது தடவ.” அந்தப் ‘பாவம்’ வாயில் மிட்டாய்போல உருண்டது.

லீத்தியா கண்ணை மூடிக்கொண்டு வீடியோவை இன்னும் இரண்டு தடவை கேட்டார். பார்க்கவில்லை, கேட்டார். பிறகு என் போனுக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னார். அவருடைய போனில் பொத்தான்தான் உண்டு, படம் வராது.

“பாஸ், தூங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்.”

“தூங்கினா உன் மூஞ்சி தெரியாது. அந்த ஒரு சொகத்துக்காகவாவது தூங்கலாம்.”

*

பீப்பாய் இருந்த இடத்துக்கு நடந்தோம். புதன்கிழமை காலை குழுவினர் எடுத்த புகைப்படம் ஒன்று கோப்பில் இருந்தது. அதை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து லீத்தியா ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்ன தெரியுது?”

“காலிப் பீப்பா.”

“எப்படி இருக்கு?”

“சோகமா.”

“டேய்.”

சரியாகப் பார்த்தேன். பீப்பாய் தலைகீழாக நின்றது. அடியில் இரண்டு தேங்காய் மட்டை, காற்றுப் போக இடம் விட்டு. பக்கத்தில் மூடி, அதுவும் கவிழ்த்து.

“உனக்கு ஆகாதவன் ஒருத்தன் உன் வீட்டுத் தண்ணியக் கொட்டுறான்னு வெச்சுக்க” என்றார் லீத்தியா. “கொட்டுவான், ஓடுவான். பாத்திரத்தக் கழுவி, மூடியக் கழுவி, மட்டை வெச்சுக் கவுத்து, காய வெச்சுட்டா போவான்?”

“எங்க வீட்டுக்கு அப்படி ஒரு விரோதி வந்தா அம்மா அவனுக்குப் பொண்ணு பாத்துடுவாங்க, பாஸ்.”

அவர் பதில் சொல்வதற்குள் காட்டுக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டங்… டங்… டங்… இரும்பை இரும்பு அடிக்கும் சத்தம்.

“ஊர்ல கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சா, இந்த அடி அடிக்கிறாங்க?”

“சர்ச் பாட்டுப் பயிற்சிக்குக் கூப்பிடுறாங்க. நாளைக்கு ஞாயிறு” என்று சொல்லிவிட்டு லீத்தியா நின்றார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. அப்படி அவர் நின்றால், கேஸ் பாதி முடிந்தது என்று அர்த்தம்.

“நட” என்றார்.

ஊர் பத்து நிமிட நடை. இந்தத் தீவில் இருக்கும் ஒரே ஊர் அதுதான். லீத்தியாவின் தாய் பிறந்த ஊர். மாமரத்துக் கிளையில் காலி கேஸ் சிலிண்டர் ஒன்று சங்கிலியில் தொங்கியது. ஒரு பெண் இரும்புத் தண்டால் அதை அடித்துக்கொண்டிருந்தாள். லீத்தியாவைப் பார்த்ததும் “அக்கா!” என்று தண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஊர்த் தலைவரின் மனைவி, மெரெசேனி.

“லாலி முரசு எங்க, மெரெசேனி? நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அதத்தானே அடிப்பாங்க?”

“அத ஏன் கேக்குற! புயல் அடிச்ச வருஷம் கோயில் கூரை அது மேல விழுந்துச்சு. ரெண்டாப் பொளந்துபோச்சு. ஆறு வருஷமா சிலிண்டர்தான்.”

கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆள் நீளத்துக்கு, மரத்தைக் குடைந்து செய்த முரசு. இரண்டு பாதியாகக் கிடந்தது. ஒரு பாதியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து, வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல முறைத்தது.

“இப்ப வீடியோவப் போடு. வார்த்தைய விடு. பின்னாடி கேளு.”

காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ‘நான்தான் கொட்டினேன்’ என்ற வரிக்குப் பின்னால், காற்றுக்கும் அலைக்கும் பின்னால், மிக மெல்லியதாக: தும்… தும்… தும். இரும்பு இல்லை. மரம். கடைசி அடி பாதியில் அறுந்திருந்தது.

ஆறு வருடமாகப் பிளந்து கிடக்கிற ஒரு முரசு, போன புதன்கிழமை எப்படி அடித்திருக்கும்?

“அப்ப இந்தக் குரல்…”

“எட்டு வருஷத்துக்கு முந்தின கொரலு. முதல் போட்டியில, இதே தீவுல எடுத்தது. மொகம் இந்த வாரம், வார்த்தை அந்தக் காலம். சிட்னியில உக்காந்து வெட்டுனவனுக்கு இந்த ஊர்ல எந்தச் சத்தம் எப்ப நின்னுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“முட்டையோட சாட்சி சொன்ன மொதக் கோழி இதுதான், பாஸ்.”

அவர் சிரிக்கவில்லை. “தண்ணியக் கொட்டுனது யாருன்னு இன்னும் தெரியல. காலையில பீப்பாக்கிட்ட போறது யாரு, மெரெசேனி?”

மெரெசேனி தரையைப் பார்த்தாள். “செமி” என்றாள். “பாதுகாப்புக் குழுவுல இருக்கான். புதன்கிழமையிலேர்ந்து சரியா சாப்பிடல.”

*

செமி படகுத்துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். கதவு அகல மார்பு. லீத்தியாவுக்குத் தம்பி முறை. கேள்வியே கேட்கவில்லை, அக்கா எதிரே வந்து உட்கார்ந்ததும் கொட்டிவிட்டான்.

“தேரை கெடந்துச்சுக்கா. தண்ணில செத்து ஊறிப்போயி. அது விஷம். எங்களுக்கு விதியே அதுதான், கெட்டுப்போனாக் கொட்டு, கழுவு, கவுத்து வை, வாக்கி-டாக்கியில சொல்லு. நானும் சொன்னேன். காலையில ஆறு மணி. புதுப் பீப்பா படகுல ஏத்தி வெச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“டேமியன் சொன்னாரு, கொண்டுபோகாத, கொஞ்சம் பொறுன்னு. எட்டு மணிக்குக் கேட்டேன். பொறுன்னாரு. பத்துக்குக் கேட்டேன். கேமரா ஓடிட்டு இருக்கு, அவங்க சண்டை போடுறாங்க, நல்லா வருது, நீ போயிக் கெடுத்துடாதன்னாரு.” அவன் கையில் வலை இறுகியது. “ஒரு மணிக்கு அந்தப் பொண்ணு விழுந்துச்சு. நாந்தான் தூக்கினேன். எடையே இல்லக்கா.”

“இத எழுதித் தருவியா?”

“தர்றேன். கேமரா முன்னாடி சொல்லணும்னாலும் சொல்றேன். வேலை போனாப் போகட்டும். அந்த அம்மா மேல பழி போட்டுட்டாங்கன்னு நேத்துத்தான் தெரியும். ராத்திரியெல்லாம் தூங்கல.”

“மூணரைக்கு இதே எடத்துக்கு வா. கையெழுத்துப் போட்டுட்டு உன்னையும் படகுல கூட்டிட்டுப் போறேன்.”

எழுந்து நடந்தபோது லீத்தியாவின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில், அந்த உடம்பில், அதை வேறு யாரும் துள்ளல் என்று சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

நாங்கள் திரும்பியபோது டேமியன் கூடாரத்து நிழலில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். பிறகு வலைக்காரனை, ரொம்ப நேரம், பார்த்தார்.

*

கெரினைத் தனியாக ஒரு கூடாரத்தில் வைத்திருந்தார்கள். வாசலில் காவல். நாற்பது நாள் பட்டினியில் கன்ன எலும்பு துருத்தியிருந்தது. போட்டியாளர்களுக்கு எதையும் போட்டுக் காட்ட மாட்டார்கள். தன்னைக் குற்றவாளியாக்கிய வீடியோவை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. வழக்கப்படி நான் என் போனில் ஒலிப்பதிவைத் தொடங்கி, கட்டிலில் வைத்தேன்.

“எதுக்குத் திரும்பி வந்தீங்க?” என்றார் லீத்தியா.

“என் பொண்ணுக்காக.” தயக்கமே இல்லாத பதில். “ஃப்ரேயா. பதினாறு வயசு. மொதப் போட்டி வந்தப்ப எட்டு. ஸ்கூல்ல பசங்க அவ டிபன் டப்பாவத் தட்டிவிட்டுட்டு, நான் டிவில சொன்ன வரியச் சொல்லிச் சிரிப்பாங்களாம். நான் முதியோர் இல்லத்துல நர்ஸ். இவ கையால சாப்பாடு வேண்டாம்னு கெழவங்களே சொல்லிட்டாங்க. ஃப்ரேயா இப்ப அப்பாவோட இருக்கா. ரெண்டு வருஷமா என்கூடப் பேசல.” விரல்களைப் பின்னிக்கொண்டார். “ஜெயிக்க வரல. ஒரே ஒரு தடவ, நான் எப்படி இருக்கேனோ அப்படியே அவ என்னப் பாக்கணும். அவ்வளவுதான்.”

“ஷால்வின். அந்த வீடியோவப் போட்டுக் காட்டு.”

அது என் போனில்தான் இருந்தது. ஒலிப்பதிவு பாட்டுக்கு ஓட, படத்தைப் போட்டேன். வெளியே மறுபடி சிலிண்டர் அடிக்கத் தொடங்கியது. டங்… டங்… டங். பாட்டுப் பயிற்சி அப்போதே முடிந்ததே, இது எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில் நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

கெரினின் உதடுகள் வீடியோவோடு சேர்ந்து அசைந்தன, ஒரு நூல் பிசகாமல். “ஆமா, நான்தான் கொட்டினேன். யாரும் பாக்கல.” வீடியோ நின்றது. அவர் நிற்கவில்லை.

“பாத்திருந்தா குடிச்சிருப்பாங்க. ஆறு பேரும் செத்திருப்பாங்க.”

வெளியே டங்… டங்…

“எட்டு வருஷம் முன்னாடி” என்றார். “சூப்புப் பானையில விஷ மீனோட தோலு கெடந்துச்சு. எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க. கொட்டிட்டேன். கேமராவப் பாத்து இந்த மூணு வரியும் சொன்னேன். டிவில முதல் ரெண்டுதான் வந்துச்சு. பட்டினி கெடந்தவங்க வாயிலேர்ந்து பிடுங்கிக் கொட்டுனவன்னு ஆச்சு. மூணாவது வரிய நான் தெனமும் சொல்லிப் பாப்பேன். குளிக்கிறப்ப. பஸ்ஸுக்கு நிக்கிறப்ப.” நிமிர்ந்தார். “அதே வரியா? மறுபடியும்? புதுசா ஒண்ணு செய்யக்கூட அவங்களுக்கு நான் தேவைப்படலயா?”

நான் ஜோக் அடிப்பவன். போனின் திரையைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தேன்.

“நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும்” என்றார் லீத்தியா மெதுவாக. “சாட்சி இருக்கு. உங்க பேர் சுத்தமாகும்.”

கெரின் என் கோப்பின் ஓரத்தில் ஒரு எண்ணை எழுதினார். “என் போனப் பிடுங்கி வெச்சிருக்காங்க. நல்லது நடந்தா ஃப்ரேயாகிட்ட சொல்லுங்க. கெட்டதுன்னா வேண்டாம். அது அவளுக்குத் தானாவே தெரிஞ்சிடும்.”

சிலிண்டர் நின்றது. வாசலில் மெரெசேனி வந்து நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. “எல்லாரும் தலைவர் வீட்டுக்கு வாங்க. டேமியன் கவா வேர் கொண்டுவந்திருக்காரு. மன்னிப்புக் கேக்கப்போறாரு!”

*

எங்களூரில் மன்னிப்பு என்பது வாயால் கேட்கிற விஷயம் இல்லை. இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேரில் ஒரு கட்டு எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திப் போய், ஊர் முன்னால் பாயில் வைத்து, தலையைக் குனிந்து உட்கார வேண்டும். நோகடிக்கப்பட்டவர் அந்த வேரைத் தொட்டால் ஏற்றுக்கொண்டார். ஊர் கை தட்டும். அதோடு சரி.

தலைவர் வீடு நிறைந்திருந்தது. செமி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். லீத்தியா தாய்வழிச் சொந்தக்காரி, நேரே முன்வரிசைப் பாய்க்குப் போனார். எனக்கு உள்ளே இடமில்லை. அவருடைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி வாசற்படிக்கு வெளியே நின்றேன். கேமரா ஒன்றுகூட இல்லை.

டேமியன் சப்பணமிட்டு, தலையைப் பாய்வரை குனிந்து, ஊரின் மொழியில் பேசினார். ஒரு சொல் தடுக்கவில்லை.

“தண்ணி விஷயத்துல எங்க பக்கம் தப்பு நடந்துபோச்சு. கெரின் மனசு நொந்துச்சு. செமி மனசு நொந்துச்சு. அதனால இந்த ஊர் மனசு நொந்துச்சு. தலை குனிஞ்சு கேக்குறேன். ஏத்துக்குங்க.”

மெரெசேனி அதைக் கெரினின் காதில் ஆங்கிலத்தில் சொன்னாள். கெரினின் முகம் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பியது. ஒரு முகம் நம்பத் தொடங்குவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. மூடிக் கிடந்த வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பதுபோல இருந்தது. அழுதுகொண்டே கையை நீட்டி வேரைத் தொட்டார்.

ஊர் கை தட்டியது. கையைக் குழித்து, ஆழமான சத்தத்தோடு. லீத்தியாவும் தட்டினார். ஒன்று. இரண்டு.

மூன்றாவதற்குக் கை பாதியில் நின்றது. தன் உள்ளங்கையை, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். நின்று என்ன பயன்? இரண்டு முறை தட்டியாகிவிட்டது. ஐம்பது வருடப் பழக்கம், மூளைக்கு முன்னால் கை போய்விட்டது.

தலைவர் சொன்னார். “முடிஞ்சது. இந்த விஷயம் இந்தப் பாயிலயே பொதைஞ்சது. இனி நம்மள்ல யார் வாயிலயும் இது வரக்கூடாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செமியின் வாய். மெரெசேனியின் வாய். லீத்தியாவின் வாய். இனி யாரும் அந்தத் தேரையைப் பற்றிப் பேச முடியாது. பேசினால் ஊரின் மன்னிப்பை உடைத்தவர்கள் ஆவார்கள், அந்த உடைப்புக்கு மருந்தே கிடையாது. செமி அழுதான். நிம்மதியில்தான். அவன் பாவம் தீர்ந்துவிட்டதாம்.

இதுவரை ‘அவர்’ என்று எழுதிவந்தேன். இனி முடியாது. டேமியன் எழுந்தான். சுலுவில் ஒட்டியிருந்த பாய்த் தூசியைத் தட்டிவிட்டான்.

வெளியே மாமரத்தடியில் லீத்தியா அவனை மறித்தார். குரல் உயரவில்லை.

“எட்டு வருஷமா எங்க வழக்கத்தையெல்லாம் இதுக்காகத்தான் கத்துக்கிட்டியா?”

“நான் மனசாரக் கேட்ட மன்னிப்பு, லீத்தியா.”

“அப்ப அந்த வீடியோவ டிவில போட மாட்டியே?”

“ஊர் வழக்கப்படி நாம யாரும் பேசக்கூடாது. நான் பேச மாட்டேன்.” அவன் புன்னகைத்தான். “வீடியோல பேசுறது நானில்லயே. கெரின்தானே?”

லீத்தியா கையிலிருந்த அறிக்கைத் தாளை அவனிடம் நீட்டினார். வெறும் தாள். பொய்யை எழுத மாட்டார். மெய்யை எழுத முடியாது.

அவன் அதை மடித்துப் பைக்குள் வைத்தான். “பரவால்ல. கம்பெனியில ஆட்சேபம் எதுவுமில்லன்னு எடுத்துக்குவாங்க.”

*

நாலு மணிப் படகு. கெரினும் எங்களோடு வந்தார்; போட்டி அவருக்கு அதோடு முடிந்தது. “எட்டு வருஷத்துல என்கிட்ட மன்னிப்புக் கேட்ட மொத ஆளு அவருதான்” என்றார். “அத்தனை பேர் முன்னாடி. நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்” என்றார் லீத்தியா.

நான் சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரப் பயணம். கெரின் கயிற்றுக் கட்டின் மேல் தலை வைத்துத் தூங்கிப்போனார், வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோல. எழுப்பி என்ன சொல்வது? நீங்கள் தொட்ட வேரில் உங்கள் சாட்சி புதைந்துவிட்டான் என்றா?

பாதிக் கடலில் என் போனுக்குச் சிக்னல் வந்தது. கூடாரத்து ஒலிப்பதிவு அதில் பத்திரமாக இருந்தது.

“பாஸ். நான் கை தட்டினேனா?”

லீத்தியா திரும்பவில்லை. “உன் ரெண்டு கையிலயும் என் செருப்பு இருந்துச்சு.”

“பாயில உக்காந்தேனா?”

“வாசப்படிக்கு வெளிய நின்ன.”

“நான் அந்த ஊர்க்காரனா?”

“நீ பா டவுன்ல பொறந்த கவுண்டன். உன்ன எந்த ஊரும் சேத்துக்காது.” இப்போது திரும்பி, “உனக்கு என்ன வேணும்?” என்றார்.

“ஒண்ணுமில்ல. நீங்க கடலப் பாருங்க.”

அவர் கடலைப் பார்த்தார். கோப்பின் ஓரத்திலிருந்த எண்ணுக்கு இரண்டையும் அனுப்பினேன். முப்பது விநாடி வீடியோ. கூடாரத்தில் கெரின் பேசிய நாலு நிமிடம், முழுசாக, மூன்றாவது வரியோடு. யார் நான், எது எப்போது எடுத்தது, மரமுரசு எந்த வருடம் உடைந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். பீப்பாயையும் தேரையையும்கூட விடவில்லை.

பதில் உடனே வந்தது.

‘யார் வேணும்னாலும் இப்படி அனுப்பலாம். இதுவும் வெட்டி ஒட்டுனதுதானே?’

பதினாறு வயது. டிவி அவளுக்கு வேறென்ன கற்றுக்கொடுத்திருக்கும்? போனை லீத்தியாவிடம் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார். தூங்குகிற கெரினைப் பார்த்தார்.

“நான் எதுவும் சொல்லக்கூடாது” என்றார்.

“தெரியும், பாஸ்.”

“சொல்லத்தான் கூடாது.” கடல் காற்றில் அவர் குரல் பாதி கரைந்துபோனது. “கேக்கச் சொல்லலாம். நாலு நிமிஷத்தையும் கேக்கச் சொல்லு. அம்மா பேசுறத விட்டுட்டு பின்னாடி சிலிண்டர் அடிக்குதுல்ல, அத எண்ணச் சொல்லு. வெட்டியிருந்தா எங்கயாவது ஒரு அடி தப்பும்.”

ஊரை வாயடைக்கக் கூப்பிட்ட மணி அது. டேமியனே அடிக்கச் சொன்னது.

அப்படியே எழுதி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துப் பாதி ஆஸ்திரேலியா அந்த முப்பது விநாடியைப் பார்க்கும். சிரிக்கும். திட்டும். அதை எங்களால் நிறுத்த முடியாது. லவுத்தோக்காவின் சர்க்கரை ஆலைப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் போனது. மூன்று போனது. கெரின் தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்தார். அந்த மூன்றாவது வரியாகத்தான் இருக்கும்.

ஆறாவது நிமிடம் போன் அதிர்ந்தது. வார்த்தை எதுவும் இல்லை. ஒரே ஒரு எண்.

‘112’

நான் பிறகு எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.